குடிக்காத இளநீர்

எம்.பி. திருமூர்த்தி வீட்டுக்குப் போனவர்கள் யாரும் வெறும் வாயோடு திரும்பியதில்லை. போன காரியம் நடந்ததா என்பது வேறு கதை. கிணத்துக்கடவு தாண்டி, பொள்ளாச்சி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் அவருடைய தென்னந்தோப்பு. தோப்புக்கு நடுவில் வீடு. வீட்டுக்கு முன்னால் தகரக் கொட்டகை. சனிக்கிழமை காலையில் மனு கொடுக்க வருகிறவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு இளநீர், அவர் தோப்புக் காய், சீவிக் கண் திறந்து கைக்கு வந்துவிடும். பாதி குடித்திருக்கும்போது எம்.பி. வந்து பக்கத்தில் உட்காருவார். மனுவை இரண்டு கையாலும் வாங்குவார். கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாகப் படிப்பார். பிறகு, "பாக்கலாமுங்க" என்பார்.

அந்த வார்த்தையோடு மனுவின் உயிர் போய்விடும். போனது மனு கொடுத்தவருக்குத் தெரிய மட்டும் ஒரு வருஷம் ஆகும்.

கோயம்புத்தூர்ப் பக்கத்தில் யாரும் யாரையும் முகத்துக்கு நேரே மறுப்பதில்லை. பெண் கேட்டுப் போனாலும் சரி, வாய்க்கால் தண்ணீர் கேட்டுப் போனாலும் சரி, "பாக்கலாமுங்க", "ஊட்ல ஒரு வார்த்தை கேட்டுக்கறனுங்க", "நோம்பி முடியட்டுமுங்க" என்று ஏதாவது ஒன்று மரியாதையாக வரும். வந்தவரும் அதே மரியாதையோடு, "சரிங்க, வாரனுங்க" என்று எழுந்துவிட வேண்டும். மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்டால், கேட்டவருக்கு வளர்ப்புச் சரியில்லை.

பத்மாவதிக்கு இதெல்லாம் அத்துப்படி. உக்கடத்தில் பழைய இரும்புக் கடை வைத்திருந்த பங்காருவின் மகள் அவள். கடைக்குள் நுழைகிறவன் செருப்பை எப்படிக் கழற்றுகிறான் என்பதிலேயே அவன் வாங்க வந்தவனா, வேறு கடையில் வாங்கிவிட்டு மனசாறுதலுக்கு விலை விசாரிக்க வந்தவனா என்று சொல்லிவிடுகிற வீடு. இப்போது இடிகரையில் சொந்தமாகப் பட்டறை; இரும்பில் குழாய் இணைப்புகள் வார்த்து, கடைந்து, ஒரு பெரிய கம்பெனிக்குக் கொடுக்கிறாள். அந்தக் கம்பெனி அவற்றைத் தன் பெயர் போட்டு ஐரோப்பாவுக்கு அனுப்புகிறது.

அங்கேதான் வம்பு ஆரம்பித்தது. ஒருநாள் கம்பெனி மேனேஜர் கூப்பிட்டு, இரும்பு உருக்கும்போது எவ்வளவு கரிப்புகை விடுகிறீர்கள் என்று ஐரோப்பாக்காரன் கேட்கிறான், அந்தப் புகைக்கு ஏற்றபடி, சரக்கு எல்லை தாண்டும்போது காசு வசூலிக்கிறான், அதனால் உங்கள் ரேட்டைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்றார். பத்மாவதி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "அந்தக் காசு யாருக்குப் போகுதுங்க?" அவர்கள் கஜானாவுக்கு என்றார். இங்கேயே நம் அரசாங்கம் புகைக்கு ஒரு விலை வைத்து வசூலித்திருந்தால்? அதைக் கழித்துக்கொள்வார்களாம். ஆக, புகைக்கு விலை வேண்டாம் என்று எல்லோரும் கை விரித்திருக்கிற ஊரில், பத்மாவதி மட்டும் விலை கொடுத்துக்கொண்டிருந்தாள். அதையும் யாரோ முகம் தெரியாதவன் ஊருக்கு.

வியாபாரத்தில் நஷ்டத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். ஏமாளி என்ற பெயரை எப்படிப் பொறுப்பது?

அந்தக் கோபத்தோடு தேடியபோது அகப்பட்டவர் சாமுவேல். மதுக்கரைக்காரர், பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவர். நிலக்கரியும் பெட்ரோலும் டீசலும் சுரங்கத்திலிருந்தோ துறைமுகத்திலிருந்தோ கிளம்பும் இடத்திலேயே அவை விடப்போகும் புகைக்கு ஒரு விலை, வசூலாவதை வீட்டுக்கு வீடு சமமாகத் திருப்பிக் கொடுப்பது, இதற்கு நாடு முழுக்க ஒரு சட்டம் - இதைக் கேட்டு எம்.பி.க்களைப் போய்ப் பார்க்கிற தன்னார்வலர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். கோவைக் கிளைக்குச் சாமுவேல்தான் பொறுப்பு; பத்மாவதியும் அதில் சேர்ந்துகொண்டாள். சம்பளம் கிடையாது, பெட்ரோல் செலவு கைக்காசு. புகையைக் குறைக்கச் சொல்வதற்காகப் பெட்ரோல் போட்டுக்கொண்டு போவதை அவரே சொல்லிச் சிரிப்பார்.

டெல்லித் தலைமையிடத்திலிருந்து பயிற்சி கொடுத்திருந்தார்கள். எம்.பி.யிடம் முதலில் பாராட்டு, பிறகு கோரிக்கை, கடைசியில் நன்றி. இந்த வரிசையை மாற்றக் கூடாது. சாமுவேல் வாத்தியார், பாடத்திட்டத்தை மீறாதவர். முதல் தடவை மேம்பாலத்துக்காகப் பாராட்டினார்கள். அடுத்த தடவை, ரயில் இப்போது இந்த ஊரிலும் நின்று போவதற்காக. அதற்கடுத்து, பாராட்ட வேறெதுவும் அகப்படாமல், எம்.பி. உடம்பை நன்றாக வைத்துக்கொண்டிருப்பதற்காக. திருமூர்த்திக்கு உச்சி குளிர்ந்து, பாராட்ட வந்தவர்களுக்கே பொன்னாடை போர்த்திப் படம் எடுத்துக்கொண்டார். எல்லாத் தடவையும் இளநீர். எல்லாத் தடவையும் "பாக்கலாமுங்க".

சாமுவேல் தலைமையிடத்துக்கு அனுப்பும் அறிக்கையில் 'ஆதரவு' என்று எழுதினார். வீட்டுப்பாடம் எழுதாதவனுக்கும் பாஸ் போட்டுப் பழகிய கை.

பத்மாவதிக்கு விஷயம் தெரிந்தது காந்திபுரத்து பேக்கரி ஒன்றில், டீயும் தேங்காய் பன்னும் வந்த பிறகு.

"சார், அவரு ஆதரவுன்னு எப்பச் சொன்னாரு?"

"எதிர்ப்புன்னு சொல்லலீங்களே, அம்மணி."

"நல்லாருக்குது. எங்கடைக்கு வந்து, 'ஒரு ரவுண்டு போயிட்டு வாரனுங்க'ன்னு போனவனையெல்லாம் சரக்கு வித்த கணக்குல எங்கப்பா எழுதியிருந்தா, நாங்க என்னைக்கோ தெருவுக்கு வந்திருப்போம்."

"டெல்லியில எல்லாம் கை தட்டுனாங்க. கோயம்புத்தூரப் பாத்துக் கத்துக்கங்கன்னு சொன்னாங்க."

"தட்டுவாங்க. அவங்களுக்கு எளநியும் தெரியாது, நம்மூரு பாக்கலாமும் தெரியாது."

சாமுவேல் பன்னைப் பிய்த்து டீயில் முக்கினார். அவருக்கும் தெரியும். தெரிந்துதான் எழுதியிருந்தார். கிளையில் பாதிப்பேர் சோர்ந்து போய்க் கழன்றுவிட்டார்கள். மிச்சம் இருப்பவர்களை ஏதாவது ஒரு நல்ல சேதி சொல்லி நிறுத்தி வைக்க வேண்டியிருந்தது.

"அடுத்த மாசம் பார்லிமென்ட் கூடுது" என்றாள் பத்மாவதி. "அவரு கேள்வி எழுதிக் குடுக்க இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்குது. எனக்கு அவருகிட்ட இருந்து ஒரு முடியாது வேணும்."

"முடியாதா?"

"ஆமாங்க. கேப்பேன்னு சொல்லட்டும், இல்லாட்டி மாட்டேன்னு சொல்லட்டும். முடியாதுன்னவன்கிட்ட ஏன்னு கேக்கலாம். ஏன்னு சொல்லிப்போட்டான்னா பேரம் ஆரம்பிச்சாச்சு. பாக்கலாங்கறவன் ஷட்டரை எறக்கிப்போட்டு உள்ள உக்காந்துட்டு, நம்மள வாசல்ல கும்பிட வெக்கறான்."

சாமுவேல் பன்னின் கடைசித் துண்டை வாயில் போட்டுக்கொண்டார். பிறகு மெதுவாக, "உங்க சரக்கு அவரு மச்சான் கம்பெனிக்குத்தானுங்களே போகுது?" என்றார்.

"ஒட்டுக்கா அங்கதான் போகுது. வேற வாடிக்கை கெடையாது."

"அப்பறம்?"

"அப்பறமென்ன. பயமாத்தான் இருக்குது. பட்டறையில அத்தன பேரு சோறு திங்கறாங்க. அதனாலதான் இந்தச் சனிக்கெழமையே போகோணும்ங்கறேன். அடுத்த வாரம்னு வெச்சா, எனக்கே வாயில பாக்கலாம்னு வந்துரும்."

சனிக்கிழமை கொட்டகையில் கூட்டம் வழக்கம்போல. கட்சி மாநாட்டில் மிஞ்சிய பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் எம்.பி. பலரோடு நிற்கிற படங்கள், மூலையில் வெட்டிப் போட்ட இளநீர் மட்டைக் குவியல். பக்கத்து நாற்காலியில் சின்னான் என்ற விவசாயக் கூலிக்காரர். ஊருக்கும் அவர்கள் தெருவுக்கும் நடுவில் ஓடும் நீரோடைப் பள்ளத்துக்கு ஒரு பாலம் கேட்டு வருஷக்கணக்காக வருகிறவர். அவருக்கு அந்தண்டை அன்புக்கரசி என்ற பெண். கல்லூரி வாசலில் பஸ் நிற்க வேண்டும் என்று கேட்க வந்திருந்தாள். அவள் படித்து முடித்துவிட்டாள். இப்போது தங்கைக்காகக் கேட்கிறாள்.

இளநீர் வந்தது. சாமுவேல் தன்னுடையதை வாங்கி, ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"எங்கப்பா இப்படி ஊட்டு வாசல்ல நின்னு, கொட்டாங்குச்சியில காப்பி வாங்கிக் குடிச்சவருங்க, அம்மணி. எனக்கு முழுக்காயே குடுக்கறாங்க. முன்னேத்தந்தானுங்களே?"

பத்மாவதி அவரைப் பார்த்தாள். அவர் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

"இதுல ஒரு சவுரியம் பாத்தீங்களா" என்றார். "டம்ளரே வேண்டாம். யாருக்கு எந்த டம்ளருங்கற பேச்சே வராது. திருமூர்த்தி பெரிய மூளைக்காரருங்க."

பத்மாவதி தன் இளநீரைப் பக்கத்திலிருந்த ஸ்டூலில் வைத்தாள். உறிஞ்சுகுழல் அதில் சாய்ந்து நின்றது.

எம்.பி. வெளியே வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, கொப்பரை வியாபாரத்தில் ஆரம்பித்தவருக்கே உரிய அகலமான சிரிப்பு. நேராக இவர்களிடம்தான் வந்தார். பாராட்டுகிறவர்கள் என்று மனசில் பதிந்திருந்தது.

"வாங்க வாங்க, சார். அம்மணி, பட்டறை எப்படிப் போகுதுங்க? குடிங்க, குடிங்க. வெயிலு என்ன போடு போடுது பாருங்க."

"அதுக்குத்தானுங்க வந்திருக்கறோம்" என்றாள் பத்மாவதி. "புகைக்கு வெல வெக்கறதப் பத்திப் பார்லிமென்ட்ல ஒரே ஒரு கேள்வி. எழுதியே கொண்டாந்திருக்கறோம். நீங்க கேப்பீங்களா, மாட்டீங்களான்னு தெரிஞ்சுட்டுப் போலாம்னு."

சாமுவேல் திடுக்கிட்டுத் திரும்பினார். பாராட்டு விடுபட்டுப் போயிருந்தது.

திருமூர்த்தி தாளை இரண்டு கையாலும் வாங்கினார். படித்தார். மடித்துச் சட்டைப் பையில், நெஞ்சுக்கு நேரே வைத்துக்கொண்டார். "பாக்கலாமுங்க."

"எப்பங்க?"

எம்.பி.யின் சிரிப்பு நின்ற இடத்திலேயே நின்றது. அந்த வார்த்தைக்குப் பிறகு யாரும் எதுவும் கேட்டு அவருக்குப் பழக்கமில்லை.

"பாக்கலாமுங்க, அம்மணி. நெம்ப நல்ல விஷயம். எளநியக் குடிங்க, சூடாயிப்போச்சுன்னா நல்லாருக்காது."

"பதிலச் சொல்லிப்போடுங்க, குடிக்கறனுங்க."

அவள் குரலை உயர்த்தவில்லை. ஒவ்வொரு வார்த்தையிலும் 'ங்க' இருந்தது. இருந்தும் கொட்டகையில் உறிஞ்சும் சத்தம் நின்றுவிட்டது.

எம்.பி.யின் உதவியாளர் யஷ்வந்த், கழுத்தில் அட்டையும் கையில் இரண்டு போனுமாக ஓடி வந்தான். "மேடம், டெல்லியில கரிப்புகைக்குன்னே கார்பன் மார்க்கெட்னு ஒண்ணு ஏற்கெனவே கொண்டு வந்துட்டிருக்காங்க, மேடம். சார் அதையெல்லாம் பாத்துட்டுத்தான் இருக்கார்."

"அது சில பெரிய ஆலைகளுக்கு மட்டுந்தானுங்க, தம்பி" என்றார் சாமுவேல். "நாங்க கேக்கறது நாடு பூரா, எல்லாப் புகைக்கும். வர்ற காசு சனங்க கைக்கு. அது வேற, இது வேற."

"டைம் ஆகுது, மேடம். நெறைய பேர் வெயிட் பண்றாங்க."

"பண்ணட்டுமுங்க. நானும் இங்கதான் இருக்கறேன்."

சேதி வீட்டுக்குள் போய்விட்டது. எம்.பி.யின் மனைவி ரங்கம்மாள் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். இந்த வாசலில் ஒரு பெண்பிள்ளை வாங்கியதைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டாள் என்பது அவருக்கு நாடாளுமன்றத்தைவிடப் பெரிய விஷயம். நாளைக்கு சொந்தபந்தம், ஒறம்பரை வீடுகளில் இந்தப் பேச்சுத்தான் ஓடும்.

"ஏனுங்க, அம்மணி, காய் நல்லால்லைங்களா? வேற சீவச் சொல்லட்டுங்களா? காப்பி போடட்டுங்களா?"

"காய் தேனாட்டம் இருக்குமுங்க, அக்கா. உங்க தோப்புக் காயில குத்தம் சொல்ல முடியுமுங்களா? நான் அண்ணங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டேன். வேணும், வேண்டாம், எதுனாலும் சரி. அது வந்ததும் குடிச்சுப்போட்டு, இன்னொண்ணும் வாங்கிக் குடிக்கறேன்."

ரங்கம்மாள் கணவரைப் பார்த்தார். அவர் நாற்காலியைப் பத்மாவதிக்கு அருகில் இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தினார். அதில் அன்பு வழிந்தது.

"அம்மணி, என்ற மச்சான் கம்பெனிக்குத்தானுங்களே உங்க பைப்பு பிட்டிங் போகுது? நம்மூட்டுப் புள்ளையாட்டம் நெனச்சுத்தான் குடுத்துட்டிருக்கறாங்க. அவரு உங்களப் பத்தி நெம்ப நல்லபடியாச் சொல்லுவாரு. அதையும் நாம பாக்கோணுமில்லைங்க?"

பட்டறையின் உலைக்கு முன்னால் நிற்கிறவர்களின் முகங்கள் பத்மாவதிக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. இந்த இடத்தில் எழுந்து, "சரிங்க, வாரனுங்க" என்று சொன்னால் எதுவும் நடக்காது. திங்கட்கிழமை லோடு போகும். சாமுவேல் 'ஆதரவு' என்று எழுதுவார். டெல்லியில் கை தட்டுவார்கள்.

ஆனால் காதோடு விலை சொன்னவனை அவள் அப்பா மறுபடி கடையில் ஏற்றியதில்லை. எது பேசினாலும் நாலு பேர் காதில் விழப் பேசு என்பார்.

அவள் எழுந்து நின்றாள். "எல்லாரும் கேட்டுக்கங்க" என்றாள், இப்போது சத்தமாக. "எங்க பட்டறைச் சரக்கு எம்.பி. அண்ணனோட மச்சான் கம்பெனிக்குத்தான் போகுது. வேற யாருக்கும் போறதில்லை. நான் இங்க வாயத் தொறந்தா அது நின்னு போகலாம்னு அண்ணன் இப்பக் காதுல சொன்னாரு. காதுல சொன்னா எனக்கு மட்டுந்தான் பயமா இருக்குது. உங்களுக்கும் சொல்லிப்போட்டேன், பாரம் எறங்கிருச்சு. அண்ணா, எனக்கு அந்த ஆர்டரும் வேணும், பதிலும் வேணும். முதல்ல பதிலு."

"அய்யோ, நான் அப்படிச் சொல்லலைங்க!" என்று எம்.பி. பதறினார்.

"அப்பச் சந்தோசமுங்க. சொல்லலைன்னும் எல்லாரும் கேட்டுக்கிட்டாங்க."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சாமுவேல் குனிந்து, தன் கையிலிருந்த இளநீரைப் பத்மாவதியுடையதற்குப் பக்கத்தில் வைத்தார். அதை வைப்பதற்கு அவர் எடுத்துக்கொண்ட நிதானம், கோயிலில் பூசாரிகூட எடுத்துக்கொள்ள மாட்டார்.

அடுத்து நடந்ததை யாரும் திட்டம் போடவில்லை. சின்னான் தன் இளநீரை முக்கால்வாசி குடித்திருந்தார். அதைக் குலுக்கிப் பார்த்தார். மிச்சம் இருப்பது உறுதியானதும் அவரும் தரையில் வைத்தார்.

"ஏனுங்க, சின்னான், உங்களுக்கு என்னங்க?" என்றான் யஷ்வந்த்.

"ஒண்ணுமில்லைங்க, சாமி. அந்தப் பாலத்துக்கும் ஒரு வார்த்தை தெரிஞ்சுதுன்னா இதக் குடிச்சுப்போட்டு ஊட்டுக்குப் போயிருவேன்."

அன்புக்கரசி வைத்தாள். அவளுக்குப் பின்னால் ஒருவர் வைத்தார். வாயில் வைத்த குழலை எடுப்பதா, உறிஞ்சியதை விழுங்குவதா என்று தெரியாமல் ஒருவர் கன்னம் உப்ப உட்கார்ந்திருந்தார். இளநீர் சீவுகிறவர், அரிவாளோடு ஒரு காயைப் பாதியில் நிறுத்திக்கொண்டு, எம்.பி.யின் முகத்தைப் பார்த்தார். கொட்டகைத் தரை முழுக்கப் பச்சைக் காய்கள் உட்கார்ந்திருந்தன, அவையும் ஏதோ மனுவோடு வந்தவை போல.

ரங்கம்மாளுக்குத் தாங்கவில்லை. "ஏனுங்க" என்றார் கணவரிடம், பல்லைக் கடித்துக்கொண்டு. "ஊட்டு வாசல்ல இத்தன காய் குடிக்காமக் கெடக்குது. அந்தப் புள்ள என்ன கேக்குது? முடியும், முடியாது, ரெண்டுல ஒண்ணச் சொல்லித் தாட்டிவுடுங்களே!"

திருமூர்த்தி வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டார். முடியும் என்று சொல்லவிடாமல் தடுக்க அவருக்குக் கட்சி இருந்தது, மச்சான் இருந்தார், லாரிக்காரர்கள் இருந்தார்கள். முடியாது என்ற வார்த்தையோ அவர் வாயில் இதுவரை புழங்கியதே இல்லை. தேர்தலில் தோற்ற வருஷம்கூட, தோற்றுவிட்டேன் என்று சொல்லாமல், சனங்கள் யோசிக்கிறார்கள் என்றுதான் சொன்னார். உதடு இரண்டு தடவை பிரிந்து மூடியது.

"மு..." என்றார். தொண்டையைச் செருமினார். "முடியாதுங்க, அம்மணி."

சொல்லிவிட்டு அவரே சுற்றுமுற்றும் பார்த்தார். கொட்டகை இடிந்து விழவில்லை.

பத்மாவதி இளநீரை எடுத்தாள். குழலைத் தூக்கி எறிந்துவிட்டு, அண்ணாந்து, ஒரே மூச்சில் குடித்தாள். கழுத்தில் வழிந்ததைப் புறங்கையால் துடைத்தாள்.

"நெம்ப நன்றிங்க, அண்ணா" என்றாள். பயிற்சியில் சொல்லிக்கொடுத்த நன்றிதான். மனசாரச் சொன்னது இதுதான் முதல் தடவை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "இப்பச் சொல்லுங்க. ஏன் முடியாது?"

எம்.பி. அசந்துவிட்டார். "அதான் சொல்லிப்போட்டேனே, அம்மணி!"

"அதுக்குத்தானுங்க கேக்கறேன். கடை இப்பத்தான் தொறந்திருக்குது."

கொப்பரைச் சந்தையில் வளர்ந்தவருக்கு அந்தக் குரல் புரிந்தது. தன்னையறியாமல் அவரும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கரண்டு பில்லு ஏறுமுங்க. டீசல் ஏறும். அப்பறம் அத்தன பேரும் என்ற வாசல்லதான் வந்து நிப்பாங்க."

"ஏறுமுங்க. வசூலாகறது ஊடு ஊடாத் திரும்பி வந்துதுன்னா?"

"வருமுன்னு எவன் நம்புவான்? கவுருமென்ட்டுக்குப் போன காசு எந்தக் காலத்துலீங்க திரும்பி வந்துது?"

"அப்ப வெலை வெக்கறதுல உங்களுக்குப் பிரச்சனை இல்லை. காசு திரும்பி வராதுங்கறதுதான் பிரச்சனை."

"ஆமாங்..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அண்ணா, உங்க பாக்கெட்ல இருக்கற தாள எடுத்து இன்னொருக்காப் படிங்க. எப்படித் திருப்பிக் குடுப்பீங்கங்கறதுதான் எங்க கேள்வியே. நீங்க சந்தேகப்படறதத்தான் நாங்களும் கேக்கச் சொல்றோம்."

திருமூர்த்தி தாளை எடுத்துப் படித்தார். இந்தத் தடவை நிஜமாகவே படித்தார். படிக்கும்போது சிரிப்பைக் கழற்றி வைத்திருந்தார். பிறகு நிமிர்ந்து, "உங்கப்பா யாருங்க, அம்மணி?" என்றார்.

"பங்காருங்க. உக்கடத்துல பழைய இரும்புக் கடை."

"அட! எங்கய்யா அவருகிட்ட மோட்டார் பைப்பு வாங்கப் போயிட்டு, பேரமே படியாம, சொன்ன வெலையக் குடுத்துட்டு வந்தவரு. ஊருக்கு வந்து ஒரு வாரம் சோறு எறங்கலை அவருக்கு." கொஞ்சம் யோசித்தார். "அப்படியும் முடியாதுங்க, அம்மணி." இரண்டாவது தடவை அந்த வார்த்தை வழுக்கிக்கொண்டு வந்தது. அவருக்கே அது பிடித்துவிட்டது போலிருந்தது.

"இருக்கட்டுமுங்க. கேள்வி குடுக்க இன்னும் நாள் இருக்குது. அடுத்த சனிக்கெழமை வாரோம்."

அதற்குள் சின்னான் எழுந்து வந்து எம்.பி.யின் முன்னால் நின்றுவிட்டார். "அண்ணா, எனக்கும் அதேமாதிரி ஒண்ணு சொல்லிப்போடுங்க. முடியாதுன்னு தெரிஞ்சா கலெக்டராபீசு வாசல்ல போய் உக்காருவேன். உங்கள நம்பி இங்கயே உக்காந்திருந்ததுல கலெக்டருங்க பல பேரு மாறிப்போயிட்டாங்க." அவருக்குப் பின்னால் வரிசை நின்றது, ஆளாளுக்கு ஒரு முடியாது வாங்கிப் போக. யஷ்வந்த் இரண்டு போனையும் அணைத்துவிட்டான்.

கேட் வரை ரங்கம்மாள் கூடவே வந்தார். கையில் காம்போடு நாலு காய். "வெச்சுக்குங்க, அம்மணி. அடுத்த வாரமும் வாங்க. கண்ணாலமாகி இத்தன வருசத்துல இவுரு ஒரு பேச்சு நேராப் பேசி இன்னைக்குத்தான் கேக்கறேன்."

பொள்ளாச்சி ரோட்டு ஓரத்தில் காரை நிறுத்தி, சாமுவேல் போனில் அறிக்கையைத் திறந்தார். 'ஆதரவு' என்பதை அழித்தார். 'எதிர்ப்பு' என்று அடித்தார். காரணம் என்ற இடத்தில் நிறைய அடித்தார். இதுவரை அந்த இடம் காலியாகவே போய்க்கொண்டிருந்தது.

"டெல்லியில மயக்கம் போட்டு விழுந்துருவாங்க" என்றார்.

"விழட்டுமுங்க. எளநி அனுப்பி வெக்கலாம்."

சிரித்து முடிப்பதற்குள் பத்மாவதியின் போன் அடித்தது. கம்பெனி மேனேஜர். சேதி இவர்களைவிட வேகமாகக் கோயம்புத்தூர் போய்ச் சேர்ந்திருந்தது.

"மேடம், திங்கக்கெழம லோடு..." அவர் இழுத்தார். "கொஞ்சம் இருக்கட்டுமுங்க. அப்பறமேட்டுச் சொல்றோம்."

"நிறுத்திப்போட்டீங்களா?"

"அப்படியெல்லாம் இல்லீங்க, மேடம்."

"அப்ப அனுப்பட்டுங்களா?"

"அது... பாக்கலாமுங்க."

சாமுவேல் முகம் சுருங்கியது. பத்மாவதி ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். காற்றாலை ஒன்று நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"உங்க மொதலாளி ஆபீஸ்லதானுங்களே இருக்கறாரு?" என்று போனில் கேட்டாள்.

"இருக்காருங்க. ஆனா மீட்டிங்..."

"இருக்கட்டுமுங்க, நான் ரிசப்ஷன்ல உக்காந்துக்கறேன். நேரா வாயத் தொறந்து அவரு ஒரு வார்த்தை சொல்றவரைக்கும் காப்பி கீப்பி எதுவும் கொண்டாரச் சொல்லாதீங்க. நான் குடிக்க மாட்டேன்."

போனை வைத்தாள். மடியிலிருந்த காய்களைப் பின்சீட்டுக்கு மாற்றினாள்.

"பட்டறைக்குத்தானுங்களே?" என்றார் சாமுவேல், சாவியைத் திருகிக்கொண்டே. பதில் அவருக்கும் தெரிந்துதான் இருந்தது.

"கம்பெனிக்கு ஓட்டுங்க, சார்."